நாட்சம்பளமும் நாட்கணக்கும்

களனி கங்கையின் மேற்பள்ளத்தாக்கிலே, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், பொழுது நன்கு புலருமுன்பே தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுகின்றனர். இறப்பர் மரங்களுக்கு இடையே இருள் இன்னும் கலையவில்லை. பால்வெட்டுக்குச் செல்வோர் கத்தியும் வாளியுமாக நிற்க, கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையுடன் வேறொரு வரிசையில் நிற்கின்றனர். அன்று எந்த மலைக்கு வேலை, எத்தனை பேருக்கு வேலை என்பதை அங்கேதான் அறிகின்றனர். வானம் கறுத்திருந்தால் பால்வெட்டு இல்லை. கொழுந்து குறைந்திருந்தால் எல்லோருக்கும் வேலை இல்லை.

தோட்டத்து மொழியில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று சொல்வர். குறித்த அளவு கொழுந்தைக் கொணர்ந்தவளுக்கு ஏட்டிலே ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’. காலை முதல் மாலை வரை அவள் மலையில் நின்றாள் என்பதில் ஐயமில்லை. வெயிலையும் அட்டையையும் அவள் முழுநாளும் தாங்கினாள் என்பதும் உண்மையே. ஆயினும், தராசின் முள் ஓரிரு கிலோ பின்தங்கினால் அவளது நாள் பாதியாகிவிடுகிறது.

குறைந்தபட்ச வேதனம் என்ற பெரிய கேள்வி, சப்ரகமுவத் தோட்டங்களில் இந்தச் சிறிய ஏட்டிலேதான் இறுதியாகத் தீர்க்கப்படுகிறது. கொழும்பிலே வர்த்தமானியில் ஒரு தொகை அச்சாகிறது. அந்தத் தொகை கேகாலை மாவட்டத்திலோ இரத்தினபுரி மாவட்டத்திலோ உள்ள ஒரு லயத்து அறைக்குள் எவ்வளவாக வந்து சேருகிறது? வேதனத்தை உயர்த்தினால் வேலை குறையுமா? வேலை குறைந்தால் உயர்ந்த வேதனத்தால் யாருக்கு என்ன பயன்? இவை பொருளியலாருக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. மாதக் கடைசியில் சம்பளத் துண்டைக் கையில் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கேள்விகளுமாகும்.

சட்டத்தால் வேதனத்தின் அடிமட்டத்தை வரையறுக்கும் முறை உலகிற்குப் புதிதன்று. 1894ஆம் ஆண்டில் நியூசிலாந்தும், 1896ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும், 1909ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் இதற்கான சட்டங்களை இயற்றின. 1928ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் இதுபற்றிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. இலங்கையோ அதற்கு ஓராண்டு முன்னரே, 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனம் நிர்ணயிக்க வழிசெய்தது. நாட்டின் ஏனைய தொழிலாளருக்கு இல்லாத இக்காப்பு தோட்டத் தொழிலாளருக்கு முதலில் கிடைத்ததற்குக் காரணம், தன் மக்கள் கடல் கடந்து உழைக்கும் இடங்களில் அவர்களுக்கு ஓரளவேனும் நியாயம் வேண்டுமென இந்திய அரசாங்கம் வற்புறுத்தியமையே.

அச்சட்டத்தின்படி 1929ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த வேதனங்கள் மூவகைப்பட்டன. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டில் 52, 41, 31 சதங்கள். தாழ்நாட்டில் 50, 40, 30 சதங்கள். வரையறுத்த விலையில் அரிசி வழங்குவதும் இவ்வேற்பாட்டின் ஒரு பகுதியாகும். சப்ரகமுவத் தோட்டங்களில் பெரும்பாலானவை இடைநாட்டையும் தாழ்நாட்டையும் சேர்ந்தவை. ஆகவே, முதல் நாளிலிருந்தே எட்டியாந்தோட்டைக் கூலியின் நாள், நுவரெலியாக் கூலியின் நாளைவிட இரண்டு முதல் நான்கு சதம் மலிவாக இருந்தது.

வேதனம் உயர்ந்தால் வேலை போகும் என்னும் வாதத்தைச் சோதிப்பதற்கு அடுத்து வந்த ஆண்டுகளே ஒரு பாடமாக அமைந்தன. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை சரிந்தது. இறப்பர் விலையோ அடியோடு வீழ்ந்தது. தோட்ட உரிமையாளர் கேட்டபடி குறைந்தபட்ச வேதனம் சட்டபூர்வமாகவே குறைக்கப்பட்டது. அவ்வாறு குறைத்ததனால் வேலை காக்கப்பட்டதா? இல்லை. களனிப் பள்ளத்தாக்கிலும் பிற இடங்களிலும் பால்வெட்டு நின்ற தோட்டங்கள் பல. பெருந்தொகையான தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர். 1933, 1934ஆம் ஆண்டுகளில் தேயிலைக்கும் இறப்பருக்கும் சர்வதேச உற்பத்திக் கட்டுப்பாடு வந்து விலை தேறிய பின்னரே தோட்டங்கள் நிமிர்ந்தன. தோட்டத்தில் எத்தனை பேருக்கு வேலை என்பதை நாட்சம்பளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடல் கடந்த சந்தையின் விலை அதனினும் வலிமையாகத் தீர்மானிக்கிறது. அந்த மந்தம் கற்பித்த முதற் பாடம் இதுவாகும்.

1941ஆம் ஆண்டின் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் இம்முறையை மேலும் விரிவாக்கியது. தேயிலைத் தொழிலுக்கு ஒன்று, இறப்பர்த் தொழிலுக்கு ஒன்று எனச் சபைகள் அமைந்தன. உரிமையாளரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும், அரசு நியமித்த உறுப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து வேதனத்தை முடிவுசெய்தனர். அடிப்படைச் சம்பளத்தோடு, வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணுக்கு ஏற்ப ஏறியிறங்கும் விசேடப் படி ஒன்றும் அக்காலத்தில் வழங்கப்பட்டது. விலை ஏறினால் படியும் தானே ஏறும்; இதற்கென ஒவ்வொரு முறையும் வேலைநிறுத்தம் செய்யவேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் அருமை பிற்காலத்தில்தான் நன்கு விளங்கிற்று.

பெண்ணின் நாளுக்கு ஆணின் நாளைவிடக் குறைந்த விலை என்ற நிலை 1984ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வாண்டு தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக இருபாலாருக்கும் சமவேதனம் கிடைத்தது. ஏட்டுப் பொருளியலின்படி நோக்கினால், பெண்ணுழைப்பின் விலை திடீரென ஏறியபோது பெண்கள் வேலையிழந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கொழுந்தெடுக்கும் கைகள் அதன் பின்னரும் பெண்களின் கைகளாகவே இருந்தன. அவர்களது வேலைத்திறனுக்கு மாற்று இல்லாதிருந்ததும், அவ்வாண்டுகளில் உலகச் சந்தையில் தேயிலை விலை உயர்ந்திருந்ததும் இதற்குத் துணையாயின. உயர்வைத் தாங்கும் வலிமை தொழிலுக்கு இருக்கும்போது வேதன உயர்வு வேலையைக் கொல்வதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

பொருளியல் அறிஞரிடையேயும் இவ்விடயத்தில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. பொருளின் விலை ஏறினால் அதை வாங்குவோர் குறைவர். உழைப்பும் அவ்வாறே என்பது பழைய பாடம். 1994ஆம் ஆண்டில் டேவிட் கார்ட், அலன் குரூகர் என்னும் இரு அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1992ஆம் ஆண்டில் நியூஜேர்சி மாநிலம் மணித்தியால வேதனத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியபோது, அங்குள்ள துரித உணவுக் கடைகளையும், வேதனம் மாறாத அயல் மாநிலமான பென்சில்வேனியாவின் கடைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். உயர்வின் காரணமாக வேலைவாய்ப்புக் குறைந்ததாக அவர்கள் காணவில்லை. அம்முடிவைப் பலர் மறுத்தனர், பலர் ஏற்றனர். 2021ஆம் ஆண்டில் கார்ட் நோபெல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார்.

அவ்வாறு வேலை குறையாதிருப்பதற்குப் பொருளியலார் கூறும் காரணங்களுள் ஒன்று தோட்டங்களுக்கு நன்கு பொருந்தும். ஓர் ஊரில் உழைப்பை வாங்குபவர் ஒருவரே எனின், அவர் உழைப்பின் தகுதியான விலையிலும் குறைவாகக் கொடுத்து ஆளைப் பிடித்துவைக்க முடியும். அங்கே சட்டம் வேதனத்தை ஓரளவு உயர்த்தினால் வேலை குறைய வேண்டிய அவசியமில்லை; ஒளிந்திருந்த இலாபமே குறையும். லயமும் தோட்டத்தினது, பாதையும் தோட்டத்தினது, பிள்ளை மடுவமும் தோட்டத்தினது என்றிருந்த பழைய தோட்டம் இவ்வாறான ஒரே கொள்வோனின் ஆட்சிக்கு உட்பட்ட இடமாகும்.

வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததன் கொடுமையைக் கேகாலை மாவட்டம் 1946ஆம் ஆண்டிலேயே கண்டது. உருளவள்ளி என்று தமிழர் வழங்கிய தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்திற்கென எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறும்படி பணித்தது. அவர்கள் வெளியேற மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாக இலங்கை இந்தியக் காங்கிரசின் வேலைநிறுத்தம் பிற தோட்டங்களுக்கும் பரவியது. வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சம் அன்று வெளிப்பட்டது. அவ்வச்சம் முற்றாக நீங்காத இடத்தில், வேதனத்தைப் பேரம்பேசும் துணிவும் முழுமை பெறாது.

எனினும் சப்ரகமுவத்தின் நிலை மலைநாட்டின் நிலையிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. இங்கே தோட்டங்கள் தனித் தீவுகளல்ல. சிங்களக் கிராமங்களும் சிறு தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்க் காணிகளும் அவற்றைச் சூழ்ந்துள்ளன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, கலவானைப் பகுதிகளில் சிறு தோட்ட உடைமையாளர் பலர் உள்ளனர். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று அத்தகைய சிறு உடைமையாளரிடமிருந்தே வருகிறது. அயற்காணியில் கிலோக் கணக்கில் கொழுந்தெடுத்து அன்றே காசு பெறலாம். அவிசாவளையில் ஏற்றுமதி வலயத் தொழிற்சாலைகள் உள்ளன; கொழும்பும் எட்டாத தூரத்தில் இல்லை. இளைஞர் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர்.

ஆகவேதான் ஒரே தோட்டத்தில் இரண்டு முறையீடுகளை ஒருங்கே கேட்க முடிகிறது. ‘வேலைக்கு ஆள் இல்லை’ என்கிறது நிர்வாகம். ‘ஆளுக்கு வேலை இல்லை’ என்கின்றனர் தொழிலாளர். இரண்டும் பொய்யல்ல. குறைந்த நாட்சம்பளத்துக்கு இளையோர் வரவில்லை. வயது வந்தோரும், வீட்டையும் பிள்ளைகளையும் விட்டகல முடியாத பெண்களும் எஞ்சியுள்ளனர். அவர்களுக்கோ மாதம் முழுவதற்கும் வேலை கிடைப்பதில்லை. தோட்டங்களின் நிர்வாகம் 1992ஆம் ஆண்டில் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் உழைத்தனர். இன்று அத்தொகை அதன் பாதிக்கும் குறைவு. வேதனம் மெல்ல ஏறிய ஆண்டுகளிலும் இத்தொகை இறங்கிக்கொண்டேயிருந்தது என்பதை நோக்கும்போது, உயர்வே ஆட்குறைவுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குறைந்த வேதனமும் ஆட்களை வெளியே தள்ளும்.

கம்பனிகளின் காலத்தில் வேதனம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. முதலாளிமார் சம்மேளனம் ஒருபுறமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் முதலிய சங்கங்கள் மறுபுறமும் கையெழுத்திட்டன. 2009ஆம் ஆண்டில் எல்லாப் படிகளும் சேர்ந்து 405 ரூபா; 2011இல் 515; 2013இல் 620; 2016இல் 730. இவற்றுள் அடிப்படைச் சம்பளம் எஞ்ஞான்றும் குறைவே. வருகைக்கு ஒரு படி, விலைக்கு ஒரு படி, உற்பத்திக்கு ஒரு படி என அடுக்கப்பட்ட தொகை, ஒரு படி தவறினாலும் சரிந்துவிடும். அடிப்படைச் சம்பளமே ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை தோட்டமெங்கும் எழுந்தது. 2019ஆம் ஆண்டில் கிடைத்தது 700 ரூபா அடிப்படையும் 50 ரூபா படியுமே. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை தலையிட்டு, 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா படியுமாக ஆயிரம் ரூபாவை வர்த்தமானியில் வெளியிட்டது.

ஆயிரம் வந்தது, ஆனால் கூட்டு ஒப்பந்தம் போனது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்னும் உறுதி அந்த ஒப்பந்தத்திலே இருந்தது. சம்பள நிர்ணய சபையோ ஒரு நாளின் விலையை மட்டுமே கூறும்; மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதை அது கூறுவதில்லை. நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோ என்பதிலும் இணக்கம் எளிதில் ஏற்படவில்லை. பல தோட்டங்களில் 18 கிலோவும் அதற்கு மேலும் கேட்கப்பட்டன. வேலைநாள் குறைக்கப்படுவதாகவும் அரைப்பேர் பெருகுவதாகவும் தொழிலாளரும் சங்கங்களும் முறையிட்டனர்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். நாளொன்றுக்கு 750 ரூபா வீதம் மாதம் 24 நாள் வேலைசெய்த ஒரு பெண்ணுக்கு 18,000 ரூபா கிடைக்கும். நாட்சம்பளம் 1,000 ஆனபின், அவள் 20 நாள் வேலைக்கு அழைக்கப்பட்டு, அவற்றுள் 12 நாள் முழுப்பேரும் 8 நாள் அரைப்பேரும் பெற்றாள் என்று கொள்ளலாம். அவளுக்குக் கிடைப்பது 16 பேர். அஃதாவது 16,000 ரூபா. நாளின் விலை மூன்றிலொரு பங்கு உயர்ந்தது. மாதத்தின் வருமானமோ இரண்டாயிரம் ரூபா குறைந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு நிர்வாகம் செலுத்தும் நூற்றுக்கு 12 வீதமும் அவள் செலுத்தும் 8 வீதமும் அந்தக் குறைந்த தொகையின் மீதே கணிக்கப்படும். இன்றைய சோறும் குறைகிறது. முதுமைக்கான சேமிப்பும் குறைகிறது.

நிர்வாகத்தின் கணக்கையும் கேட்பது நியாயம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். 1,350 ரூபா நாட்சம்பளத்தோடு சேமலாப நிதிக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் உரிய 15 வீதத்தைக் கூட்டினால் ஒரு பேருக்கு 1,552 ரூபா 50 சதம் ஆகும். ஒருத்தி 18 கிலோ எடுத்தால் ஒரு கிலோ தூளுக்குக் கொழுந்துக் கூலி மட்டும் 388 ரூபா. பதின்மூன்றரைக் கிலோ எடுத்தால் 517 ரூபா. 27 கிலோ எடுத்தால் 259 ரூபா. 2024ஆம் ஆண்டில் கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு 1,200 ரூபாவைச் சற்றே கடந்தது. அந்த விலையைத் தோட்டம் தீர்மானிப்பதில்லை. உரம், விறகு, மின்சாரம், புல்வெட்டு, கவ்வாத்து, நிர்வாகம் ஆகிய யாவும் மீதியிலிருந்தே செலவாக வேண்டும். நாட்கணக்குக் கிலோவுக்காக இரு தரப்பும் இத்துணை உறுதியாகப் போராடுவதன் காரணம் இதனால் தெளிவாகும்.

ஆனால் இந்தக் கணக்கிலேயே மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. 13 கிலோவும் 27 கிலோவும் கையின் வேகத்தால் மட்டும் வருவனவல்ல. வயது முதிர்ந்த செடி, இடையிடையே வெற்றிடம், முழங்கால் உயரப் புல், காலத்தில் இடாத உரம் என்றிருக்கும் மலையில், எத்துணைத் திறமையுள்ளவளும் 18 கிலோ எடுக்க முடியாது. மீள்நடுகை செய்து பேணிய மலையில் சாதாரணமானவளும் அதனை எடுப்பாள். மலையைப் பேணுவது தொழிலாளியின் பொறுப்பன்று. பேணாத மலையில் அரைப்பேர் போடுவது, நிர்வாகத்தின் குறைக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் வட்டி வாங்குவதற்கு ஒப்பாகும்.

இறப்பர்த் தோட்டங்களின் இடர் வேறு. கேகாலையும் இரத்தினபுரியும் நாட்டின் முக்கிய இறப்பர் மாவட்டங்களாகும். மழை மிகுந்த மாவட்டங்களும் அவையே. இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழைநாளில் பட்டை நனைந்தால் பாலெடுக்க இயலாது. மரத்துக்கு மழைக்காப்புக் கட்டும் தோட்டங்களில் இழக்கும் நாட்கள் குறையும். கட்டாத தோட்டங்களில் பால்வெட்டுகாரரின் பேர் மழையோடு போகும். 2019ஆம் ஆண்டு முதல் பரவிய இலையுதிர்வு நோயும் விளைச்சலைத் தாக்கியது. இத்தகைய இடத்தில் நாட்சம்பளம் 1,350 என்றாலும் 1,750 என்றாலும், வேலை கிடைத்த நாட்களைக் கொண்டே மாதம் அளக்கப்படும்.

2021ஆம் ஆண்டின் உயர்வு வேலையைக் குறைத்ததா என்பதைத் தனியே பிரித்தறிவதும் எளிதன்று. உயர்வு வந்து இரண்டு மாதங்களில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக் கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து இல்லாத மலைக்கு ஆள் எதற்கு? அவ்வாண்டிலேயே எரிபொருள் தட்டுப்பாடும் நாணய வீழ்ச்சியும் வந்தன. வேலைநாள் குறைந்தமைக்கு வேதன உயர்வை மட்டும் குற்றஞ்சாட்டுவோர், உரமின்றி வெளிறிய செடிகளை மறந்துவிடுகின்றனர். அதேவேளை, நாள் குறைப்பிலும் கிலோ உயர்விலும் வேதன உயர்வுக்குப் பங்கே இல்லை என்று மறுப்பதும் உண்மைக்கு மாறாகும்.

இதே அனுபவம் கடலுக்கு அப்பாலும் உண்டு. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் கேரளத்தின் மூணாறில், தமிழ் பேசும் தோட்டப் பெண்கள் தங்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தாமே வீதியில் அமர்ந்து போராடினர். 232 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 301 ஆயிற்று. கூடவே, அதற்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. கூலி ஏறத்தாழ நூற்றுக்கு 30 வீதம் உயர, கிலோ 19 வீதம் உயர்ந்தது. உயர்வின் ஒரு பகுதியைப் பெண்கள் தங்கள் விரல்களாலேயே மீண்டும் செலுத்தினர்.

வேலையின் கதை இதுவாயின், வாழ்க்கைத் தரத்தின் கதை யாது? 2019ஆம் ஆண்டின் குடித்தன வருமானச் செலவு ஆய்வின்படி நாட்டிலே வறியோர் நூற்றுக்கு 14.3 பேர், தோட்டத் துறையில் 33.8 பேர். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். அரைப்பேர் என்ற சொல் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் எழுதப்படுகிறது. அதன் விளைவோ பிள்ளையின் உயரத்திலும் எழுதப்படுகிறது.

விலைவாசி என்னும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. உணவு விலை அதனினும் விரைவாக ஏறியது. வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் தோட்டக் குடும்பத்தை அது கடுமையாகத் தாக்கியது. 2021 செப்டெம்பரில் 1,000 ரூபா வாங்கிய பொருளை ஓராண்டின் பின் வாங்குவதற்கு ஏறத்தாழ 1,700 ரூபா வேண்டியிருந்தது. அதன் பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்ததேயன்றி, ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை.

இக்கணக்கை மனத்திற்கொண்டு பின்னைய உயர்வுகளை நோக்கலாம். 2024ஆம் ஆண்டு மே தினத்தையொட்டி 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் உயர் நீதிமன்றத்தை நாடின. ஜூலையில் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. செப்டெம்பரில் 1,350 ரூபா உறுதியாயிற்று. பெயரளவில் 350 ரூபா உயர்வு. ஆயினும், 2021 செப்டெம்பரின் ஆயிரம் ரூபாவோடு ஒப்பிட்டால் வாங்கும் வலிமையில் ஐந்திலொரு பங்கு குறைவு. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கவும், வருகைக்கென அரசு 200 ரூபா வழங்கவும் முன்மொழிந்தது. இரண்டும் சேர்ந்து 1,750 ரூபா. பெரிய உயர்வாகத் தோன்றும் இத்தொகை, உண்மையில் நான்கு ஆண்டுகளுக்கு முன் இழந்ததை ஏறத்தாழ மீட்டுத்தருவதாகும்.

அரசின் பங்காக 200 ரூபா வழங்கும் முறையும் சிந்தனைக்குரியது. தனியார் கம்பனியின் வேதனச் செலவில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்பதா என்ற வினா எழுவது இயல்பு. ஆனால் வேதன உயர்வின் முழுச் சுமையையும் ஏலவிலைக்குக் கட்டுண்ட தோட்டத்தின் மீது வைத்தால், அது வேலைநாளைக் குறைத்து அச்சுமையைத் தொழிலாளியிடமே திருப்பிவிடும் என்ற அச்சத்திற்கு இஃது ஒரு விடையாகும். அந்த 200 ரூபா வேலைக்கு வந்த நாளுக்கே உரியதாகையால், வேலை வழங்காத நாளில் அதனாலும் பயனில்லை.

வேதனத்தை உயர்த்தாதிருந்தால் வேலை காக்கப்படும் என்பதற்குத் தோட்ட வரலாறு சான்று தரவில்லை. சம்பளம் குறைக்கப்பட்ட மந்த காலத்திலும் வேலை போனது. மெல்ல ஏறிய காலத்திலும் ஆட்கள் குறைந்தனர். ஆனால் நாளின் விலையை மட்டும் உயர்த்திவிட்டால் வாழ்க்கை உயரும் என்பதும் மெய்யன்று. நாளின் விலை, மாதத்தில் வேலை நாள், நாளுக்குரிய கிலோ, கடையில் அரிசியின் விலை என்னும் நான்கும் சேர்ந்ததே தொழிலாளியின் வேதனம். ஒன்றைப் பிடித்து மற்ற மூன்றைக் கைவிட்டால், ஒரு கையால் கொடுத்தது மறுகையால் எடுக்கப்படும்.

ஆகவே சம்பள நிர்ணய மேசையில் இனிப் பேசப்பட வேண்டியவை வெளிப்படை. மாதத்திற்கு இத்தனை நாள் வேலை என்ற உறுதி, கூட்டு ஒப்பந்தத்தில் இருந்ததுபோல் மீண்டும் எழுத்தில் வரவேண்டும். நாட்கணக்குக் கிலோ, அந்தந்த மலையின் நிலையையும் பருவத்தையும் பார்த்து, தொழிலாளரின் இணக்கத்தோடு தீர்மானிக்கப்பட வேண்டும். முன்னாளில் இருந்த வாழ்க்கைச் செலவுப் படி போன்றதோர் ஏற்பாடு, நான்காண்டுக்கு ஒருமுறை வீதியில் இறங்கும் தேவையை நீக்கும். மீள்நடுகையும் மழைக்காப்பும் செய்யாத நிர்வாகம் குறைந்த விளைச்சலைக் காட்டிப் பேரைக் குறைக்க இடமிருத்தல் ஆகாது. லயத்தில் வாழும் குடும்பத்திற்கு வீட்டிலும் சிறு காணியிலும் உரிமை கிடைப்பின், வேலையை இழந்தால் கூரையை இழப்போம் என்ற அச்சம் அகலும். அவ்வச்சம் அகன்ற தொழிலாளியே தன் உழைப்பின் விலையை நிமிர்ந்து பேச வல்லவர்.

மாலையில் மடுவத்தின் முன் தராசு தூக்கப்படுகிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியின் கண்ணும் அதன் முள்ளில் நிற்கிறது. அந்த முள் எங்கே நிற்கவேண்டும் என்பதை இதுவரை தோட்டத்தின் துரையும் கொழும்பின் ஏலமும் தீர்மானித்து வந்துள்ளன. கூடை சுமந்தவளுக்கும் அதில் ஒரு சொல் இருக்கும் நாளிலேதான், வர்த்தமானியில் அச்சான தொகை அவளது அடுப்படி வரை குறையாமல் வந்து சேரும்.